ரைன் கரையில் எந்தக் கோட்டைக்குப் போவது? வாசகர் கேள்வியும் பதிலும்

சென்ற இதழில் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பிங்கன் ஊரில் தொடங்கி கோப்ளென்ஸ் வரை 65 கிலோமீட்டர், நடுவே ஆறு, இரண்டு பக்கமும் செங்குத்தான திராட்சைத் தோட்டங்கள், மேலே ஏறத்தாழ 40 கோட்டைகளும் மாளிகைகளும் இடிபாடுகளும், 2002 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, அழியாமல் நின்ற ஒரே கோட்டை மார்க்ஸ்பர்க், ஆற்றுக்குப் பாலமே இல்லை, கூடவே பாக்கராக் ஊர்த் தேவாலயத்தின் படம் ஒன்று, இவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் விசா பற்றிக் கேட்கிறார்கள், அதற்கு நான் ஆள் இல்லை. மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருச்சி வாசகர்: 65 கிலோமீட்டருக்குள் 40 கோட்டை என்றால் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்று. அத்தனை ராஜாக்களா அங்கே இருந்தார்கள்? இல்லை, அவ்வளவு எதிரிகளா?

ராஜாவும் இல்லை, எதிரியும் அவ்வளவு இல்லை. பணம். இந்தக் கோட்டைகளில் பலவற்றை சுங்கச்சாவடி என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், பாதி வரலாறு தானாகப் புரிந்துவிடும். ஆல்ப்ஸ் பக்கத்திலிருந்து வட கடல் பக்கம் போகிற சரக்குக்கு அந்தக் காலத்தில் ரைன்தான் நெடுஞ்சாலை. சாலைகள் சேறு, காட்டில் திருடர்கள், வண்டியில் ஏற்றினால் அச்சு முறியும். படகில் ஏற்றினால் மதுவோ உப்போ மரமோ வசதியாகப் போகும். ஆனால் இந்த இடத்தில் ஆறு மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது, படகுக்காரனுக்கு விலகிப் போக வழி கிடையாது. அதிலும் எதிர்நீச்சலில் போகிற படகைக் கரையோரம் குதிரைகள் கட்டி இழுக்க வேண்டும். கரை யார் கையிலோ, படகும் அவர் கையில்.

சுங்கம் வசூலிக்கும் உரிமை சட்டப்படி புனித ரோமப் பேரரசருடையது (ஜெர்மன் நாடுகள் அவர் ஆட்சியில்), அவர் வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். 1250-க்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் உறுதியான அரசர் யாரும் இல்லை. அப்போது பாறையும் நாலு வீரர்களும் வைத்திருந்தவன் எல்லாம் சுங்க அதிகாரி ஆகிவிட்டான். கொள்ளைக்காரப் பிரபுக்கள் என்று ஒரு பெயரே அவர்களுக்கு வந்தது. பொறுக்க முடியாமல் 1254-ல் ரைன் கரை நகரங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. பிறகு வந்த அரசர் ஹாப்ஸ்பர்க் ரூடால்ஃப் 1282-ல் ரைகன்ஸ்டைன், சோனெக் என்ற இரண்டு கொள்ளைக் கோட்டைகளைப் பிடித்து இடித்தார். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. 14-ம் நூற்றாண்டு முடிவதற்குள் ரைன் முழுவதும் சேர்த்து 60-க்கு மேல் சுங்கத் துறைகள் இருந்தன. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற 7 பேரில் 4 பேருக்கு (மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்கள், அப்புறம் பலாட்டினேட் கோமகன்) இந்தச் சின்னத் துண்டு ஆற்றில் நிலம் இருந்தது, காரணம் இதுதான். ஒருவர் கோட்டை கட்டினால் எதிர்க்கரையில் மற்றவர் கட்டுவார்.

நம்மூரில் குலோத்துங்கனுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம் கொடுத்தார்கள் அல்லவா, ரைனுக்கு அப்படி ஒருவர் கடைசிவரை வரவில்லை. 1868-ல் மான்ஹைமில் நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் வந்தது.

சேலம் வாசகி: மார்க்ஸ்பர்க் மட்டும்தான் இங்கே அழியாமல் நின்ற ஒரே கோட்டை என்று எழுதியிருந்தீர்கள். காவ்ப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் நிற்கிறதே ஒரு கோட்டை, அதுவும் அழியவில்லை என்று படித்தேனே?

மாட்டிக்கொண்டேன். ‘மலைக்கோட்டைகளில்’ என்ற ஒரு சொல் விட்டுப்போயிற்று. மலைமேல் இருக்கிறவற்றில் அழியாதது மார்க்ஸ்பர்க். நீங்கள் சொல்வது ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன், சுருக்கமாக ஃபால்ஸ். அது தீவில் நிற்கிறது, அதுவும் அழிந்ததில்லை.

சுங்கம் சுங்கம் என்று மேலே அடித்துக்கொண்டேனே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஃபால்ஸுக்குத்தான் போக வேண்டும். 1327 வாக்கில் அரசர் பவேரியா லுட்விக் கட்டத் தொடங்கியது. வெள்ளைச் சுவர், கறுப்புப் பலகைக்கல் கூரை, முனை நீரோட்டத்துக்கு எதிராக, கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நிற்கிற மாதிரி. வெள்ளத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்கள் அந்த முனையில் மோதிப் பிளந்து போகும், அதற்குத்தான் அந்த வடிவம். ஆற்றின் குறுக்கே சங்கிலி போட்டுவிடுவார்கள், படகுகள் காவ்ப் ஊர்ப் பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், ஊருக்கு மேலே மலையில் குட்டன்ஃபெல்ஸ் கோட்டை பார்த்துக்கொண்டிருக்கும். ஊர், மலை, தீவு, மூன்றும் சேர்ந்து ஒரு சாவடி. பணம் கொடுக்க மறுத்த வணிகருக்குக் கிணற்றுக்குள் மிதக்கும் ஒரு மரத்தட்டுதான் சிறை. இந்த வசூல் 1866-ல் பிரஷ்யா (அன்றைய வட ஜெர்மன் வல்லரசு) அந்தப் பகுதியை எடுத்துக்கொண்ட பிறகுதான் நின்றது. சுமார் 540 வருடம் ஓடிய சாவடி! வேறொரு சங்கதியும் உண்டு: 1813 டிசம்பர் 31 இரவு பிரஷ்யத் தளபதி ப்ளூஷர் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு இங்கேதான் மிதவைப் பாலம் போட்டு ஆற்றைக் கடக்கத் தொடங்கினார்.

காவ்ப் கரையிலிருந்து சின்னப் படகில் கொண்டுபோய் விடுவார்கள். நீர்மட்டம் ரொம்ப ஏறினால் படகு ஓடாது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை வாசகர்: அலுவலக வேலையாக ஃப்ராங்க்ஃபர்ட் போகிறேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது. அதிகபட்சம் எத்தனை கோட்டை பார்க்கலாம்?

ஒன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள், கண்ணால் பார்ப்பது பதினைந்துக்கு மேல் வரும், ஏறி உள்ளே போவது ஒன்று போதும்.

மைன்ஸ் வரை ரயில், அங்கிருந்து இடது கரை வழியாக பாக்கராக் வரை இன்னொரு ரயில். மெதுவாக எல்லா ஊரிலும் நிற்கிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம். பாக்கராக்கில் இறங்கி மரச்சட்ட வீடுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, படகுத்துறையில் சாங்க்ட் கோர் போகும் கப்பலில் ஏறுங்கள். நீரோட்டத்தோடு போவதால் முக்கால் மணி நேரத்தில் போய்விடும். இந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஃபால்ஸ், ஓபர்வேசல் ஊரின் மதில் கோபுரங்கள், லோரலை பாறை எல்லாம் வரிசையாக வரும். மேல்தளத்தில் நில்லுங்கள். குளிரும், ஸ்வெட்டர் வேண்டும், ஜூலையாக இருந்தாலும் வேண்டும். சாங்க்ட் கோரில் இறங்கி ரைன்ஃபெல்ஸ் இடிபாட்டுக்கு ஏறுங்கள். மாலை ரயிலில் திரும்பிவிடலாம். கப்பல் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான், அதற்கு வெளியே போனால் ரயில் மட்டுமே.

உங்களைப் போலவே கேட்ட நாலைந்து பேருக்கும் இதே பதில். ‘நாலு மணி நேரத்தில் 12 கோட்டை’ என்று விளம்பரம் வருகிறதே, பொய் இல்லை, கப்பலில் உட்கார்ந்தால் 12 கோட்டை கடந்து போகத்தான் செய்யும். கடந்து போவது அவை இல்லை, நாம்.

கோவை வாசகர்: அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. அவரையும் அழைத்துப் போக ஆசை. கோட்டை என்றாலே படிதானே?

ஆமாம், பெரும்பாலும் படிதான். மார்க்ஸ்பர்க்கை அம்மாவுக்காக விட்டுவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் பாறையிலேயே வெட்டிய அகலப் படிகள், குதிரைகள் ஏறுவதற்காக வெட்டியவை, ஒன்று உயரம் ஒன்று பள்ளம், நல்ல முழங்கால் உள்ளவரே கையை நீட்டிச் சுவரைத் தேடுவார். கோப்ளென்ஸுக்குப் போங்கள். மோசல் ஆறு ரைனோடு சேரும் முனையில் தரை சமதளம், பக்கத்திலேயே கேபிள் கார், 2011 தோட்டக் கண்காட்சிக்காகக் கட்டியது. அது ரைனுக்கு மேலே கடந்து எரன்ப்ரைட்ஸ்டைன் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் விடும். சக்கர நாற்காலியும் ஏறும். மேலே நின்றால் இரண்டு ஆறும் சேர்கிற இடம் அப்படியே காலடியில் தெரியும். அம்மாவை அங்கே ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் கப்பல். உட்கார்ந்த இடத்தில் 40 கோட்டையும் தானாக வந்து காட்சி தரும் வேறு வாகனம் எனக்குத் தெரியாது.

மதுரை வாசகி: என் கணவர் ‘இடிந்த சுவரைப் பார்க்கவா லட்சக்கணக்கில் செலவு’ என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

அண்ணனை ரைன்ஃபெல்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு நீங்கள் கீழே காபி குடியுங்கள், அவரே சொல்வார்.

சரி, கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால்தான் சுவர் பேசும். 1245-ல் காட்சனெல்ன்போகன் வம்சத்து டீதர் என்ற பிரபு கட்டியது. பத்து வருடத்தில் சுங்கத்தை ஏற்றினார். மேலே சொன்னேனே நகரங்களின் கூட்டணி, அது படை திரட்டிக்கொண்டு வந்து ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகை போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஹெஸ்ஸே பிரபுக்கள் கைக்கு வந்து பெரிய பீரங்கிக் கோட்டையாக வளர்ந்தது. 1692 குளிர்காலத்தில் பதினான்காம் லூயியின் படை, 28,000 பேர், ஏறி வந்தார்கள். அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் கோட்டை கோட்டையாக வெடிவைத்துக்கொண்டிருந்தார்கள், இதைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். இவ்வளவு வீரக் கதை. முடிவு என்ன தெரியுமா? 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஒரு குண்டுகூடச் சுடாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வந்தவர்கள் 1796, 97-ல் நிதானமாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கப்புறம் அது கல் குவாரி. இங்கிருந்து போன கற்கள் கோப்ளென்ஸில் எரன்ப்ரைட்ஸ்டைன் கோட்டையைத் திரும்பக் கட்டும்போது அதில் சேர்ந்தன. கோவை அம்மா மேலே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இடம்.

ஒரு டார்ச் கொண்டுபோங்கள். முற்றுகை போடுகிறவன் தலைக்குமேல் வந்ததும் கீழிருந்து வெடிக்க வைப்பதற்காகத் தோண்டிய சுரங்க வழிகள் இருக்கின்றன. முதுகை வளைத்துத்தான் போக வேண்டும், சில இடத்தில் அதற்கும் மேல் குனிய வேண்டும். சுவர் ஈரமாக, கையில் பிசுபிசுக்கும். எனக்கு முன்னால் போன ஒரு பெரியவர் தலையை இடித்துக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார், அகராதி தேவைப்படவில்லை. பராமரிப்புக்காக வழிகளை மூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு, வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் சொந்தக் கருத்து: பூசி மெழுகி நிறுத்திய கோட்டையைவிட இடிந்தது நல்லது. இந்தப் பள்ளத்தாக்கில் முழுசாகத் தெரிகிறவற்றில் பல 19-ம் நூற்றாண்டு வேலை. ஷ்டோல்சன்ஃபெல்ஸ் இடிபாட்டை கோப்ளென்ஸ் நகரம் 1823-ல் பிரஷ்ய இளவரசருக்குப் பரிசாகக் கொடுத்தது, 1842-ல் அது மஞ்சள் நிற மாளிகையாக எழுந்து நின்றது. ரைன்ஸ்டைனும் அப்படித்தான், 1820-களில் இன்னொரு இளவரசர் கட்டியது. பழைய வீரர்கள் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று பிரஷ்ய அரச குடும்பம் கண்ட கனவு அது. அழகாக இல்லை என்று சொல்லவில்லை. ஷ்டோல்சன்ஃபெல்ஸில் தரை தேயாமல் இருக்க நம் செருப்புக்கு மேலேயே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிவிடுவார்கள், அறை அறையாகச் சறுக்கிக்கொண்டே போகலாம், குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

தஞ்சாவூர், 11 வயது வாசகர்: ஒரு பிஷப்பை எலிகள் தின்ற கோபுரம் அங்கே இருக்கிறதாமே? நிஜமா?

கோபுரம் நிஜம், தம்பி. பிங்கன் ஊருக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் ஒரு குட்டித் தீவில் நிற்கிறது. பெயரே எலிக் கோபுரம்தான். கதை இப்படி: மைன்ஸ் பேராயர் ஹாட்டோ பஞ்ச காலத்தில் தானியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டார். பசி என்று வந்த ஏழைகளை ஒரு களஞ்சியத்துக்குள் போகச் சொல்லி, கதவைச் சாத்தித் தீ வைத்தார். அவர்கள் அலறியபோது, ‘என் எலிகள் கீச்சிடுவதைக் கேளுங்கள்’ என்றாராம். உடனே உண்மையான எலிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பித் துரத்த, ஆற்றுக்கு நடுவே கோபுரத்துக்கு ஓடினார். எலிக்கு நீந்தத் தெரியாதா என்ன.

இனி நிஜத்துக்கு வருவோம். ஹாட்டோ என்ற பேராயர் உண்மையில் இருந்தார், 970-ல் இறந்தார். இப்போது நிற்கும் கோபுரமோ அதற்கு முந்நூறு வருடத்துக்கு மேல் கழித்துச் சுங்கக் காவலுக்காகக் கட்டியது, அதையும் இடிந்தபின் 19-ம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டினார்கள். சுங்கத்துக்கு ஜெர்மனில் ‘மவுட்’ என்றொரு பழைய சொல் உண்டு, எலிக்கு ‘மவுஸ்’. அதிலிருந்து இது வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சுங்கம் வாங்குகிறவர் மேல் மக்களுக்கு இருந்த கோபம்தான் எலியாக மாறியது என்று வைத்துக்கொள். 1974 வரை அந்தக் கோபுரம் கப்பல்களுக்குச் சமிக்ஞை காட்டிக்கொண்டிருந்தது.

உனக்கு ஒரு வேலை: கப்பலில் போனால் கரையோரம் வெள்ளைப் பலகையில் கறுப்பு எண்கள் வரும். கான்ஸ்டன்ஸ் ஊர்ப் பாலத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று அர்த்தம். எலிக் கோபுரம் கிட்டத்தட்ட 530, கோப்ளென்ஸ் முனை 592. எந்தக் கோட்டை எந்த எண்ணில் என்று எழுதிக்கொண்டு வா.

டோர்ட்முண்ட் வாசகி: நாங்கள் இங்கேயே இருக்கிறோம், ரயிலில் இரண்டு மூன்று மணி நேரம்தான். பிள்ளைகள் கோட்டை என்றாலே முகத்தைச் சுளிக்கினம். கோட்டைக்குள்ளேயே தங்கலாமா?

தாராளமாக. பாக்கராக்குக்கு மேலே இருக்கிற ஷ்டாலெக் கோட்டை 1920-களிலிருந்து இளைஞர் விடுதி. பெயர்தான் இளைஞர் விடுதி, குடும்பத்தோடும் தங்கலாம், உறுப்பினர் அட்டை எடுக்க வேண்டும், பள்ளி விடுமுறைக்கு நாலைந்து மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ரயில் நிலையத்திலிருந்து மேலே போகும் படிகளில் சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, முதுகுப் பை. ஓபர்வேசலில் ஷோன்பர்க் கோட்டையில் ஹோட்டலே இருக்கிறது, அது தேனிலவுக்காரர்களுக்கான விலை. ஷ்டாலெக் முற்றத்தில் இரவு எட்டு மணிக்கு மதில்மேல் கையை ஊன்றி நின்றால் கீழே சரக்குக் கப்பல்கள் பச்சை சிவப்பு விளக்கோடு போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் முகம் அப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இரவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன், ரயில். இரண்டு கரையிலும் பாதை, வலது கரையில் இரவெல்லாம் சரக்கு ரயில். ஆற்றங்கரை அறையில் நான் ஒரு முறை தங்கினேன், ‘அமைதியான சூழல்’ என்று போட்டிருந்தார்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கட்டில் அதிர்ந்தது. காதுக்குப் பஞ்சு.

திண்டுக்கல் வாசகர்: பாலமே இல்லாத ஆறு என்று எழுதியிருந்தீர்கள். ஜெர்மனியிலா? நம்ப முடியவில்லை.

நானும் நம்பவில்லை, அனுபவித்தேன். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரு பாலம்கூட இல்லை. கட்ட வேண்டும் என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள், இயற்கை அழகு கெடும், பாரம்பரியப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், அங்கே வாழ்கிற மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் போகவேண்டிய கஷ்டம் இன்னொரு பக்கம். இப்போதைக்குக் கார் ஏற்றும் படகுகள்தான்.

நான் பாக்கராக்கில் அறை எடுத்துவிட்டு எதிர்க்கரையில் காவ்ப் போயிருந்தேன். மதுக்கடை வாசலில் யாரோடோ பேசிக்கொண்டே கடைசிப் படகை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான், நேரம் பலகையில் எழுதித்தான் இருந்தது. எதிர்க்கரையில் விளக்கு தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம். காவ்பிலிருந்து ரயிலில் ரூடஸ்ஹைம் போய், அங்கே ஆட்களை ஏற்றும் படகில் பிங்கன் கடந்து, அங்கிருந்து இன்னொரு ரயிலில் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. எதிர்க்கரைக்குப் போகிறவர்கள் முதலில் கடைசிப் படகின் நேரத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கோட்டையைப் படம் பிடிக்கலாம்.

புதுச்சேரி வாசகர்: லோரலை பாறையில் என்ன விசேஷம்? படத்தில் பார்த்தால் சாதாரண மலை மாதிரி இருக்கிறது.

சாதாரண மலைதான். 132 மீட்டர். மேலே ஏறினால் ஆற்றின் வளைவு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். விசேஷம் முழுக்கக் கீழே தண்ணீரில் இருக்கிறது. ஆறு இங்கே குறுகி, 25 மீட்டர் வரை ஆழமாகி, பாறைகளுக்கு நடுவே வளைந்து திரும்புகிறது. எத்தனையோ படகுகள் மோதி உடைந்தன, அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அழகால் ஆண்களை மயக்குகிற லோரே என்ற பெண்ணை 1801-ல் ப்ரென்டானோ என்ற கவிஞர் எழுதினார், பாறைமேல் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டே பாடி மாலுமியை மயக்குகிறவளாக அவளைக் காட்டும் ஹைன்ரிக் ஹைனேயின் கவிதை 1824-ல் வந்தது, 1837-ல் ஸில்ஷர் அதற்கு மெட்டுப் போட்டார். இன்றைக்கும் சுற்றுலாக் கப்பல் அந்த வளைவுக்கு வரும்போது அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவார்கள். ஜெர்மன் பாட்டிகள் சேர்ந்து பாடுவார்கள், அது நன்றாக இருக்கும்.

அந்தப் பெண் இன்னும் வேலையை விடவில்லை. 2011 ஜனவரியில் 2,400 டன் கந்தக அமிலம் ஏற்றி வந்த கப்பல் இந்தப் பக்கத்தில் கவிழ்ந்தது, ஆற்றுப் போக்குவரத்து வாரக்கணக்கில் முடங்கியது. ஓபர்வேசலுக்கும் சாங்க்ட் கோருக்கும் நடுவே கரையில் பெரிய விளக்குப் பலகைகள் இருக்கும், எதிர்நீச்சலில் வருகிற கப்பலுக்கு ‘வளைவுக்கு அந்தப் பக்கம் பெரிய கப்பல் இறங்கி வருகிறது’ என்று சொல்வதற்காக. பாறையைவிட்டு அதைப் பாருங்கள்.

ஈரோடு வாசகி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம், ஆனால் கவனம். ‘ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்’ என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இறைச்சி இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் வறுத்த உருளைக்கிழங்கில்கூடச் சின்னச் சின்னத் துண்டாக அது இருக்கும், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. துருவிய உருளைக்கிழங்கில் சுட்ட அடை ஒன்று ஆப்பிள் கூழோடு தருவார்கள், நம் நாக்குக்குப் பிடிக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு (அஸ்பாரகஸ்) காலம், ஊரே அதைத்தான் சாப்பிடும். மிளகாய்ப் பொடி பொட்டலம் பையில் இருக்கட்டும்.

நாகர்கோவில் வாசகர்: மது குடிக்காமல் அங்கே போனால் வீண் என்கிறார்களே?

திராட்சைச் சாறும் அதே தோட்டத்திலிருந்துதான் வருகிறது.

வேலூர் வாசகர்: பாக்கராக்கில் கூரை இல்லாத ஒரு தேவாலயத்தின் படம் போட்டிருந்தீர்கள். சிவப்புக் கல், வெற்று ஜன்னல். அதன் கதை என்ன?

வெர்னர் தேவாலயம். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்தேன், கதையைப் பிறகுதான் படித்தேன். 1287-ல் வெர்னர் என்ற பையன் இறந்துகிடந்தான். யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று புரளி கிளம்பியது. எந்த ஆதாரமும் இல்லை, அன்றைய அரசர் ரூடால்ஃபே அதை ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் இந்த ஆற்றங்கரை ஊர்களில் யூதக் குடும்பங்களைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். பையனைப் புனிதராக்கி, அவன் பெயரில் எழுப்பியதுதான் அந்த அழகான கட்டடம். 1689-ல் பிரெஞ்சுக்காரர்கள் மேலே ஷ்டாலெக் கோட்டையை வெடிவைத்தபோது பாறையும் கல்லும் உருண்டு விழுந்து நொறுங்கியது. வெர்னரைப் புனிதர் நாள்காட்டியிலிருந்து 1963-ல்தான் எடுத்தார்கள். இப்போது அங்கே நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். படம் எடுப்பதற்கு முன் அதைத் தேடிப் படியுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: எந்த மாதம் போவது நல்லது?

மே, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். கோடைக் கடைசியில் இன்னொரு சிக்கல், தண்ணீர் வற்றும். காவ்ப் ஊரில் ஒரு நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது, ரைனில் சரக்கு ஏற்றுகிற எல்லோரும் காலையில் பார்க்கிற எண் அது. துறைமுகத்து ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு இது பிடிக்கும். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆறே முழங்கால் ஆழம் என்று நினைக்க வேண்டாம், கப்பல் போகும் தடத்தில் அதற்கு மேல் ஒரு மீட்டருக்குக் கூடுதலாகத் தண்ணீர் இருக்கும். ஆனாலும் கப்பல்கள் கால்வாசிச் சரக்கோடு ஊர்ந்தன, மக்கள் கரையிலிருந்து ஃபால்ஸ் தீவுக்குக் கூழாங்கல்மேல் நடந்தே போனார்கள். 540 வருடம் எல்லோரையும் நிறுத்திப் பணம் வாங்கிய கோட்டைக்குச் செருப்பு நனையாமல்!

2029-ல் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் தேசியத் தோட்டக் கண்காட்சி நடக்கப்போகிறது. பூ பிடித்தவர்கள் அந்த வருடம் போங்கள், கூட்டம் பிடிக்காதவர்கள் அதற்கு முன்னால் போய்வந்துவிடுங்கள்.

காரைக்குடி வாசகர்: பூனைக் கோட்டை, எலிக் கோட்டை என்று இரண்டு எதிரும் புதிருமாக இருக்கிறதாமே, உள்ளே போகலாமா?

பூனைக்குள் போக முடியாது, தனியார் சொத்து. காட்சனெல்ன்போகன் என்ற பெயரை ஊர் ஜனம் ‘காட்ஸ்’, அதாவது பூனை, என்று சுருக்கிவிட்டது. அந்த வம்சத்துக்காரர்கள் ட்ரியர் பேராயரின் பக்கத்துக் கோட்டையை எலி என்று கிண்டல் செய்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. எலிக்குள்ளும் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. சாங்க்ட் கோர் படகுத்துறையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள், பூனை நேர் எதிரே, எலி இடது பக்கம் கொஞ்சம் தள்ளி. மாலை நாலு மணிக்கு மேல் வெயில் அந்தப் பக்கம் விழும்.